ஈசர்லாட் உச்சியிலிருந்து ஜெய்ப்பூரைப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஜெய்ப்பூரில் உயரமான இடத்திலிருந்து நகரைப் பார்க்க விரும்புகிறவர்களை, ஆட்டோ ஓட்டுநர்கள் முதல் விடுதிக்காரர்கள் வரை எல்லோரும் நாஹர்கர் கோட்டைக்கே அனுப்பி வைக்கிறார்கள். மலைமேலிருந்து தெரியும் அந்தக் காட்சியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், மதிலுக்குள் இருக்கும் பழைய நகரமும் அதைச் சுற்றிப் பின்னாளில் பரவிய புதிய நகரமும் அங்கிருந்து ஒன்றோடொன்று கலந்து தெரிவதால், 1727இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் அளந்து கோடு போட்டுக் கட்டிய நகரம் எது என்று பிரித்தறிவது கடினம். அந்த நகரத்தை அதன் நடுவிலேயே நின்று, தெருத் தெருவாகப் பார்த்துப் புரிந்துகொள்ள ஓர் இடம் உண்டு. திரிபோலியா பஜாரின் கடை வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஈசர்லாட் என்னும் ஏழடுக்குக் கோபுரம் அது. உள்ளூர்க்காரர்கள் அதைச் சர்காசூலி என்றும் அழைக்கிறார்கள்.

ஹவா மஹாலின் வாசலில் கூட்டம் அலைமோதும் நாளில்கூட இந்தக் கோபுரத்தில் நெரிசல் இருப்பதில்லை. பெரும்பாலான பயணிகள் இதைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏற முடியும் என்பதே தெரியாமல் கடந்து போய்விடுகிறார்கள். ஜெய்ப்பூரில் முதன்முதலாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இங்கே அரை மணி நேரம் நின்று நான்கு திசைகளையும் மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்கு, அதன் பிறகு மதில் நகரத்துக்குள் நடந்து சுற்றுவதற்கு வழிகாட்டியோ கைபேசி வரைபடமோ அதிகம் தேவைப்படாது.

கோபுரம் எழுந்த கதை

ஏறுவதற்கு முன்பு இதன் வரலாற்றைச் சற்றே தெரிந்துகொண்டு போவது நல்லது. அங்கே விளக்கப் பலகைகளை நம்பிப் பயனில்லை. ஜெய்சிங் அண்டை அரசான மேவாரின் இளவரசியை மணந்தபோது, அவர் வயிற்றில் பிறக்கும் மகனுக்கே அரியணை என்று 1708இல் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த மகன் மாதோ சிங். ஆனால் 1743இல் ஜெய்சிங் இறந்தபோது ஆட்சிக்கு வந்தவர், வேறொரு ராணிக்குப் பிறந்த மூத்த மகன் ஈஸ்வரி சிங். தம்பியின் உரிமைக்காக மேவார் படை திரட்டியது. மராத்தியர்களும் கோட்டா அரசும் அந்தப் பக்கம் சேர்ந்தார்கள். 1747 மார்ச்சில் ராஜ்மஹல் என்னும் இடத்தில் நடந்த போரில் ஈஸ்வரி சிங்கின் படை வென்றது. அந்த வெற்றியின் நினைவாக எழுப்பப்பட்டதுதான் ஈசர்லாட்.

கோபுரம் கட்டப்பட்ட ஆண்டாகச் சொல்லப்படுவது 1749. அதற்கு முந்தைய ஆண்டே, 1748 ஆகஸ்டில், பக்ரூவில் நடந்த அடுத்த மோதலில் ஈஸ்வரி சிங் பணிந்துபோய்த் தம்பிக்குச் சில பர்கனாக்களை, அதாவது வருவாய் வட்டங்களை, விட்டுக்கொடுக்க நேர்ந்திருந்தது. 1750 டிசம்பரில் மராத்தியப் படை தலைநகரை நெருங்கி வந்தபோது, அதை எதிர்கொள்ள வழியின்றி அவர் தம் அரண்மனையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். வெற்றிச் சின்னம் எழுந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவதற்குள் அதைக் கட்டியவர் இல்லாமல் போனார். இதை அறிந்துகொண்டு ஏறுகிறவர்களுக்கு, உச்சியில் நின்று அரண்மனைப் பக்கம் பார்க்கும்போது அந்தக் கட்டடங்கள் வேறு விதமாகத் தெரியும்.

இன்னொரு கதையும் உண்டு. அமைச்சர் ஹர்கோவிந்த் நாட்டாணியின் மகள்மீது ஈஸ்வரி சிங் காதல் கொண்டதாகவும், அவளை அவளுடைய வீட்டு மாடியில் பார்ப்பதற்காகவே இத்தனை உயரத்தில் கோபுரம் கட்டியதாகவும் கடைவீதியில் சொல்வார்கள். ராஜ்மஹல் போரில் படையை நடத்திச் சென்றவர் இந்த ஹர்கோவிந்த் என்பதால் இரண்டு கதைகளும் எங்கோ ஓரிடத்தில் பின்னிக்கொண்டிருக்கின்றன. காதல் கதையை வாய்வழிக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

எப்போது போவது

ஈசர்லாட் பகல் நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு முன்பே மேலே அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள் என்று எண்ணித் திட்டமிடுவதுதான் பாதுகாப்பானது. எனவே சூரியன் மறைவதைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. அதற்கு நாஹர்கர்தான் சரி. இங்கே இரண்டு வேளைகள் நல்லவை, இரண்டுக்கும் பயன் வேறு. காலையில் கதவு திறந்த உடனே ஏறினால், கிழக்கிலிருந்து வரும் வெளிச்சம் மேற்கே சாந்த்போல் வாயில் வரை நீளும் தெருவின் மீதும், வடமேற்கில் நாஹர்கர் மலையின் மீதும் நேராக விழும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஏறினால், தென்மேற்கிலிருந்து வரும் வெயிலில் அரண்மனையும் ஜந்தர் மந்தர் என்னும் பழைய வானாய்வுக்கூடமும் கிழக்கே உள்ள கல்தா மலைகளும் துலக்கமாகத் தெரியும். ஒரு முறைதான் ஏற முடியும் என்றால் பிற்பகலையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்; பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி கோபுரத்துக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும்தான் இருக்கிறது.

அக்டோபர் முதல் மார்ச் வரை ஏறுவதற்கு இதமான காலம். ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காலை நேரத்துப் பனிமூட்டம் பத்து மணிக்கு மேலும் கலையாமல் நிற்பதுண்டு. அந்த மாதங்களில் காலையில் போகிறவர்கள் கீழிருந்து மலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டே டிக்கெட் வாங்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மழைக்காலத்தை யாரும் பரிந்துரைப்பதில்லை என்றாலும், ஆகஸ்டில் ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு, தூசி அடங்கி, ஆண்டு முழுவதும் பழுப்பாகக் கிடக்கும் ஆரவல்லிக் குன்றுகள் பச்சை போர்த்தியிருக்கும் நேரத்தில் இங்கிருந்து தெரியும் காட்சியை மற்ற எந்த மாதத்திலும் பார்க்க முடியாது. ஈரம் இருந்தால் உச்சியில் கவனமாகக் கால் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 14ஆம் தேதியையொட்டி ஜெய்ப்பூரில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மகர சங்கராந்தியன்று இந்த நகரம் முழுவதும் மொட்டை மாடிக்கு ஏறிவிடும். பொழுது விடிந்ததிலிருந்து பட்டம்தான். பண்டிகைக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களிலும் பிற்பகல் வேளையில் பையன்கள் மாடியில் நின்று நூல் விட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கும் அண்ணாந்து பார்க்க வேண்டிய பட்டங்களை இந்தக் கோபுரத்திலிருந்து குனிந்து பார்க்கலாம்.

கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல்

தூரத்திலிருந்தே தெரியும் கோபுரம் என்றாலும் அதன் வாசலைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தோற்றுத் திரும்புகிறார்கள். மெட்ரோவில் வருவதே எளிது. பிங்க் லைன் ரயில், ரயில்வே ஸ்டேஷன், சிந்தி கேம்ப், சாந்த்போல் நிறுத்தங்களைத் தாண்டி, தரைக்கடியில் சோட்டி சௌபர் நிலையத்துக்கு வருகிறது. 2020 செப்டம்பரில் இந்தப் பகுதி திறக்கப்பட்ட பிறகு, நெரிசலான கடைவீதியில் ஆட்டோவில் நகர்ந்து வரும் தொல்லை தீர்ந்தது. சோட்டி சௌபரில் மேலே ஏறி, கிழக்கு நோக்கி, அதாவது திரிபோலியா பஜார் பக்கம் நடக்க வேண்டும். சற்று தூரத்திலேயே இடப்பக்கக் கடைகளுக்குப் பின்னால் கோபுரம் தலைகாட்டும்.

இங்கேதான் தவறு நேரும். கோபுரத்துக்கு நேர் முன்னால் நின்று கடைகளுக்கு இடையே வழி தேடினால் கிடைக்காது; அந்தப் பக்கத்தில் வாசல் இல்லை. அதைக் கடந்து இன்னும் 150 மீட்டர் போல் கிழக்கே நடந்தால் ஆத்திஷ் நுழைவாயில் வரும். ஒரு காலத்தில் அரண்மனைக் குதிரை லாயங்கள் இருந்த அந்த வளாகம் இன்று சந்தை. வாயிலுக்குள் நுழைந்து, இடப்பக்கமாகத் திரும்பி, கடைகளின் பின்புறமாக மேற்கே வந்தால் கோபுரத்தின் அடிவாரம் தெரியும். கோபுரத்துக்கு மேற்கே உள்ள ஒரு குறுகிய சந்து வழியாகவும் போகலாம். ஆனால் முதல் முறை வருகிறவர்களுக்கு ஆத்திஷ் வழியே தெளிவானது. குழப்பம் வந்தால் ஏதாவது ஒரு பாத்திரக் கடையில் “சர்காசூலி கித்தர் ஹை?” என்று கேட்டால் போதும், கை நீட்டிக் காட்டுவார்கள். ஈசர்லாட் என்ற பெயரைவிட இந்தப் பெயரே சந்தையில் சட்டெனப் புரிகிறது.

ஆத்திஷ் வாயிலையும் தாண்டிப் போனால் மூன்று வளைவுகளைக் கொண்ட திரிபோலியா வாயில் வந்துவிடும். அது அரச குடும்பத்துக்கு உரிய வாயில். அதன் வழியே பொதுமக்கள் உள்ளே போக முடியாது. அதன் முன்னால் வந்து நின்றுவிட்டீர்கள் என்றால், வந்த வழியே திரும்ப வேண்டும் என்று பொருள்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, இங்கே தனியாகவும் வாங்கலாம், கூட்டு டிக்கெட்டிலும் ஏறலாம். ஆமேர் கோட்டை, ஜந்தர் மந்தர், ஹவா மஹால், ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகம், நாஹர்கர் ஆகியவற்றோடு ஈசர்லாட்டும் அந்தக் கூட்டு டிக்கெட்டில் அடக்கம். அது இரண்டு நாட்களுக்குச் செல்லும். கூட்டு டிக்கெட் வைத்திருப்பவர்களில் பலர் இந்தப் பெயரை அதில் பார்த்தும் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தமான உண்மை. அரண்மனை அருங்காட்சியகம் இதில் சேராது, அதற்குத் தனிக் கட்டணம். மாணவர்கள் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோக வேண்டும்.

ஏறுவது

ஈசர்லாட் எண்கோண வடிவமானது. உயரம் 43 மீட்டர், பழைய கணக்கில் சுமார் 140 அடி. உள்ளே படிக்கட்டுக்குப் பதிலாக, நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி மேலேறும் சரிவுப் பாதை. படிகளில் ஏறிப் பழகியவர்களுக்கு இது முதலில் எளிதாகத் தோன்றும். இரண்டு மூன்று அடுக்குகளுக்கு மேல் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் இழுப்பு தெரியும். மெதுவாக, ஒரே சீராக நடந்தால் மூச்சு வாங்காமல் போய்விடலாம். இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். தேய்ந்து வழவழப்பாகிப் போன தரையில் தோல் அடிச் செருப்பு வழுக்கும். ரப்பர் அடியுள்ள, குதிகாலில் பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வாருங்கள்.

பாதை குறுகலானது. எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டியிருக்கும். பெரிய முதுகுப்பையோடு ஏறுவது மற்றவர்களுக்கும் தொந்தரவு. வெளிச்சம் அந்தந்த அடுக்கின் சாளரங்கள் வழியாகத்தான் வருகிறது, இடையிலுள்ள வளைவுகளில் அரை இருட்டு. அப்படி ஒரு வளைவில் நின்று சுவரைக் கவனித்தால், தோள் உயரத்துக்கு மட்டும் சுண்ணாம்புப் பூச்சு கறுத்துப் பளபளப்பாக இருப்பது தெரியும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் கை ஊன்றி ஊன்றி ஏற்பட்ட பளபளப்பு அது. அதற்கு மேலே, ஆணியால் கீறிய காதலர் பெயர்கள். இந்தச் சுவரில் இன்னொரு பெயரைச் சேர்க்காமல் வருவதுதான் நாம் இந்தக் கோபுரத்துக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

அடைத்த இடங்களில் மூச்சுத் திணறுகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், நடக்கத் தொடங்கியிருக்கும் குழந்தையோடு வருகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. ஓரளவு தெம்புள்ள முதியவர்கள் அடுக்குக்கு அடுக்கு சாளரத்தருகே நின்று இளைப்பாறி ஏறலாம். உச்சி வரை போகாவிட்டாலும் நான்காவது, ஐந்தாவது அடுக்கிலிருந்தே கடைகளின் மாடிகளுக்கு மேலாகப் பார்வை விரிந்துவிடும். குடிநீரும் கழிப்பறையும் கோபுரத்துக்குள் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல், வெளியிலேயே பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

உச்சியில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

உச்சியில் குவிமாடத்தின் கீழே சிலர் மட்டுமே நிற்கக்கூடிய இடம் இருக்கிறது. மேலே வந்ததும் உடனே படம் எடுக்கத் தொடங்காமல், தெற்குப் பக்கமாக வந்து, கீழே ஓடும் திரிபோலியா பஜாரை முதலில் பாருங்கள். ஜெய்ப்பூரைப் புரிந்துகொள்ளும் சாவி இந்தத் தெருதான். மேற்கே சாந்த்போல் வாயிலில் தொடங்கி, சோட்டி சௌபர், படீ சௌபர், ராம்கஞ்ச் சௌபர் என்னும் மூன்று நாற்சந்திகளைக் கடந்து, கிழக்கே சூரஜ்போல் வாயிலில் முடியும் ஒரே நேர்கோட்டின் ஒரு துண்டு இது. அந்தப் பக்கம் சந்திரன் வாயில், இந்தப் பக்கம் சூரியன் வாயில். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 3 கிலோமீட்டர். கீழே நடக்கும்போது கடைகளும் கூட்டமும் கண்ணை மறைத்துவிடுவதால் இந்த நேர்கோட்டை உணர முடியாது. மேலிருந்து பார்க்கும்போது, அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தாற்போல அது இரு பக்கமும் போய்க்கொண்டே இருப்பது தெரியும்.

கைபேசியில் திசைகாட்டி இருந்தால் இந்தத் தெருவின் திசையை அளந்து பாருங்கள். சரியான கிழக்கு மேற்காக இல்லாமல் சுமார் 15 டிகிரி சாய்ந்திருக்கும். வானியலில் தேர்ந்த ஓர் அரசர் திசையைத் தவறவிட்டிருப்பாரா என்று தோன்றும். தரையின் இயல்பான மேட்டு முதுகின் மேலேயே முதன்மைத் தெருவைப் போட்டதுதான் காரணம். மழைநீர் இரண்டு பக்கமும் தானாகவே வடிந்து போகும். நகரைத் திட்டமிட்டதில் ஜெய்சிங்குக்குத் துணையாக நின்றவர், வங்காளத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சார்யா. சாஸ்திரத்தையும் நிலத்தையும் ஒன்றோடொன்று இசைய வைத்த அவர்களுடைய முடிவு, இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் ஒரு கோபுரத்தின் மேல் நின்று கைபேசியால் சரிபார்க்கக்கூடியதாக இருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இனி குறுக்குத் தெருக்களைத் தேடுங்கள். வலப்பக்கம், சோட்டி சௌபரிலிருந்து தெற்கே போவது கிஷன்போல் பஜார். இடப்பக்கம், திரிபோலியா வாயிலுக்கு எதிரே தொடங்கித் தெற்கே போவது சௌடா ராஸ்தா. அதற்கும் அப்பால், படீ சௌபரிலிருந்து இறங்குவது ஜோஹரி பஜார். இந்த மூன்று கோடுகளும் முதன்மைத் தெருவைச் செங்கோணத்தில் வெட்டுகின்றன. அவற்றுக்கு இடையில் அடைபடும் பெரிய சதுரங்களுக்குச் சௌக்ரி என்று பெயர். கிஷன்போலுக்கும் சௌடா ராஸ்தாவுக்கும் நடுவில் இருப்பது மோதிகானா, சௌடா ராஸ்தாவுக்கும் ஜோஹரி பஜாருக்கும் நடுவில் இருப்பது விஸ்வேஸ்வர்ஜி. ஒன்பது சதுரங்கள் கொண்ட மண்டலமாக நகரை வரைந்தார்கள்; வடமேற்கு மூலையில் மலை குறுக்கிட்டதால் அங்கே வர வேண்டிய சதுரத்தைக் கிழக்குப் பக்கமாக ஒதுக்கிச் சேர்த்தார்கள். அப்படியே வடமேற்காகத் திரும்பிப் பாருங்கள், குறுக்கே நின்ற அந்த மலை கண்முன்னே இருக்கும். அதன் முகட்டில் ஓடும் மதில்தான் 1734இல் கட்டப்பட்ட நாஹர்கர்.

தெருவைப் பார்த்து முடிப்பதற்குள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: மேலிருந்து பார்த்தால் இந்த ‘இளஞ்சிவப்பு நகரம்’ அவ்வளவு சிவப்பாக இல்லை. 1876இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அரசர் இரண்டாம் ராம் சிங் பூசச் செய்த அந்த நிறம், கடைவீதிகளை நோக்கிய முகப்புகளில்தான் இருக்கிறது. முகப்புக்குப் பின்னால் வெள்ளைச் சுண்ணாம்பு, பூசாத செங்கல், கறுத்த சிமென்ட், கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டிகள். ஒரு மாடியில் சாயம் தோய்த்த துணிகள் காய்கின்றன, பக்கத்து மாடியில் மிளகாய். வீடுகளின் நடுமுற்றங்கள் சிறு சிறு கிணறுகளாகத் திறந்திருக்க, அவற்றின் அடியில் ஒரு மிதிவண்டி, ஒரு துளசி மாடம், கயிற்றுக்கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரின் கால்கள். வேறு எந்தக் காட்சிமாடத்திலிருந்தும் ஜெய்ப்பூரின் வீடுகளை இவ்வளவு அருகில் பார்க்க முடியாது. அதனாலேயே ஒரு கட்டுப்பாடும் நமக்கு வேண்டும்: மாடிகளில் இருக்கும் பெண்களையும் குழந்தைகளையும் ஜூம் செய்து படம் எடுக்கக் கூடாது.

வடகிழக்குப் பக்கம் வாருங்கள். ஏழு மாடிகளாக உயரும் சந்திர மஹால் அரண்மனை தெரியும். அரண்மனைக்குச் சற்று வலப்பக்கம், சாய்வான ஒரு மாபெரும் முக்கோணச் சுவரும் அதன் உச்சியில் ஒரு சிறு மண்டபமும் தென்படும். அது ஜந்தர் மந்தரின் சம்ராட் யந்திரம், 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் சாய்வு ஜெய்ப்பூரின் அட்சரேகைக்கு ஏற்ப 27 டிகிரி. ஜந்தர் மந்தருக்குள் நடக்கும்போது இந்தக் கருவியின் கீழே நின்றுதான் பார்க்க முடியும். பக்கவாட்டில் அந்தச் சாய்வின் முழு வடிவத்தையும் காண இந்தக் கோபுரமே ஏற்றது. ஜந்தர் மந்தருக்கும் அப்பால், கிழக்கே, ஹவா மஹாலின் முதுகுப் பக்கம். 1799இல் சவாய் பிரதாப் சிங் கட்டியது. அதன் முகப்பு கிழக்கே தெருவைப் பார்த்திருப்பதால் நமக்குத் தெரிவது பின்புறம் மட்டுமே. ஆனால் மேல் மூன்று அடுக்குகளும் ஓர் அறை ஆழமே உள்ளவை என்பது முன்னால் நின்று பார்க்கிறவர்களைவிட இங்கே நிற்கிறவர்களுக்குத்தான் புரியும்.

நேர் வடக்கே, அரண்மனைத் தோட்டத்துக்கும் அப்பால் குன்றின் மேல் தெரிவது கட் கணேஷ் கோயில். அங்கே உள்ள பிள்ளையாருக்குத் துதிக்கை கிடையாது, குழந்தை வடிவம். கிழக்கு எல்லையில் கல்தா மலைகள். தெற்கே, மதிலுக்கு வெளியே, ஆல்பர்ட் ஹாலின் குவிமாடங்களும், இன்னும் தொலைவில் மோத்தி டூங்ரிக் குன்றும். அவற்றுக்கு அப்பாலுள்ள அடுக்குமாடிகள் எந்த நகரத்திலும் உள்ளவைதான். அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். அகலமாக எடுக்கும் லென்ஸில் இந்தக் காட்சி வெறும் கூரைக் கூட்டமாகச் சுருங்கிவிடும். சற்று நீண்ட லென்ஸில், அல்லது கைபேசியில் இரண்டு மடங்கு பெரிதாக்கி, ஒரு தெருவையோ ஒரு யந்திரத்தையோ மட்டும் எடுப்பதே பலன் தரும். கேமரா வாரைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொள்ளுங்கள். கைதவறினால் அது விழுவது கடைவீதியில்.

இறங்கிய பிறகு

மேலிருந்து பார்த்தவற்றை அன்றே கால்நடையாகப் பார்த்துவிடுவது நல்லது. ஆத்திஷ் வளாகத்திலிருந்து வெளியே வந்து திரிபோலியா பஜாரைக் கடந்தால், எதிர்ப்பக்கம் மணிஹாரோன் கா ராஸ்தா. அந்தச் சந்தில் கரி அடுப்பின் மேல் அரக்கை இளக்கி, உருட்டி நீட்டி, உருளைக் கட்டையில் மாட்டி வளையலாக்குவதைக் கண்முன்னே பார்க்கலாம். கையளவைச் சொன்னால் அங்கேயே செய்து தருவார்கள். அங்கிருந்து திரும்பிக் கிழக்கே நடந்தால் ஹவா மஹால், அதன் பின்னால் ஜந்தர் மந்தர், அதையடுத்து அரண்மனை. கூட்டு டிக்கெட் வைத்திருப்பவர்கள் முதல் நாள் பிற்பகலில் ஈசர்லாட்டையும் ஜந்தர் மந்தரையும் முடித்துக்கொண்டு, ஆமேரையும் நாஹர்கரையும் அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். நாஹர்கர் மாலையில், அதுவும் இரண்டாம் நாள் மாலையில்தான். அங்கிருந்து குனிந்து பார்க்கும்போது, நகரத்தின் நடுவில் எழுந்து நிற்கும் ஈசர்லாட்டை அடையாளமாக வைத்துக்கொண்டு, இடப்பக்கம் படீ சௌபர், வலப்பக்கம் சோட்டி சௌபர் என்று மதில் நகரத்தை நீங்களே மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்க முடியும்.

நேரம் இருப்பவர்கள் இன்னோர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜெய்ப்பூர் அரசர்களின் நினைவு மண்டபங்கள் நாஹர்கர் மலையடிவாரத்தில் கைத்தோரில் இருக்கின்றன. ஈஸ்வரி சிங்கின் மண்டபம் மட்டும் அங்கே இல்லை. அவருடையது நகரத்துக்குள்ளேயே, அரண்மனைக்கு வடக்கே, தால்கடோரா ஏரியை ஒட்டிய ஜெய் நிவாஸ் தோட்டப் பகுதியில் தனியாக நிற்கிறது. அந்தத் தோட்டத்திலேயே உள்ள கோவிந்த் தேவ்ஜி என்னும் கிருஷ்ணர் கோயிலுக்குப் போகிறவர்கள், தரிசனம் முடிந்ததும் தோட்டத்து வழியில் வடக்கே நடந்து, ஈஸ்வரி சிங் சத்ரி (நினைவு மண்டபம்) எங்கே என்று அங்குள்ளவர்களிடம் கேட்டால் வழி காட்டுவார்கள். ஆரத்தி நேரங்களில் அந்த வழியெங்கும் பக்தர்கள் நிறைந்திருப்பார்கள் என்பதால், இரண்டு ஆரத்திகளுக்கு இடைப்பட்ட நேரமாகப் பார்த்துப் போவது நடக்க வசதி.